செயற்கை இதய வால்வும் ஆய்வகச் சோதனையும்: சித்ரா வால்வின் உருவாக்கத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மனித இதயம் நிமிடத்துக்குச் சராசரியாக 70 முறை துடிக்கிறது. ஒரு நாளில் இத்துடிப்புகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடக்கிறது. ஓராண்டில் ஏறத்தாழ 3 கோடியே 68 லட்சத்தை எட்டுகிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயத்தின் நான்கு வால்வுகளும் ஒருமுறை திறந்து மூடுகின்றன. நோயுற்ற வால்வை அகற்றிவிட்டு அவ்விடத்தில் பொருத்தப்படும் செயற்கை வால்வும் இதே பணியை இடைவிடாது செய்தாக வேண்டும். அது ஒரே ஒருமுறை முறிந்தாலும் நோயாளி சில மணி நேரத்தில், சிலவேளை சில நிமிடங்களில், உயிரிழக்க நேரலாம்.

எனவே, புதிய பொருளால் ஆன ஒரு வால்வை மனித உடலில் வைப்பதற்கு முன் அது பல ஆண்டுகள் தாங்கும் என்பதை எவ்வாறு அறிவது என்னும் வினா 1950களிலிருந்து மருத்துவரையும் பொறியாளரையும் ஒருங்கே எதிர்கொண்டு வந்துள்ளது. திருவனந்தபுரத்தில் உருவாக்கப்பட்ட சித்ரா வால்வின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. ஆய்வகச் சோதனை என்பது முடிந்த பொருளுக்கு முத்திரையிடும் சடங்கு அன்று. நோயாளியின் உடலில் நிகழக்கூடிய தோல்வியை உடலுக்கு வெளியே முன்கூட்டியே நிகழச் செய்யும் களம் அது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

1. சொற்பொருள் விளக்கம்

'உயிரிப்பொருள்' என்னும் கலைச்சொல் உயிரினத்திலிருந்து பெறப்பட்ட பொருளை மட்டும் குறிப்பதன்று. உயிருள்ள திசுவோடும் குருதியோடும் தொடர்பு கொண்டு, அவற்றுக்குத் தீங்கு விளைவிக்காமல் பணிபுரியுமாறு தேர்ந்தெடுக்கப்படும் எப்பொருளும் உயிரிப்பொருளே. டைட்டானியம் போன்ற உலோகமும், பாலித்தீன் போன்ற பலபடியும், பன்றி வால்வு போன்ற பதப்படுத்திய விலங்குத் திசுவும் இதில் அடங்கும்.

வால்வுச் சோதனையில் மேலும் இரு சொற்கள் இன்றியமையாதவை. இரு பரப்புகள் உரசுவதால் பொருள் சிறிது சிறிதாக இழக்கப்படுவது 'தேய்மானம்'. ஒரே தடவையில் முறிக்கப் போதாத சிறு விசை பன்முறை திரும்பத் திரும்பத் தாக்குவதால் பொருள் இறுதியில் முறிவது 'அயர்ச்சி முறிவு'. ஒரு கம்பியை முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்து முறிப்பவர் பயன்படுத்துவது இந்த அயர்ச்சியையே. ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட முறை திறந்து மூடும் வால்வுக்கு இவ்விரண்டும் முதன்மைப் பகைகள்.

2. முன்னோடி வால்வுகள் கற்பித்தவை

1952 செப்டம்பரில் அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் ஹஃப்னகல் ஒரு குழாய்க்குள் அசையும் பந்தைக் கொண்ட செயற்கை வால்வை மனிதருக்குப் பொருத்தினார். இதயத்தை நிறுத்தி அறுவை செய்ய உதவும் இதய-நுரையீரல் இயந்திரம் அப்போது மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. ஆகவே அவர் அதை இதயத்துக்குள் வைக்காமல், மார்பின் கீழ்நோக்கிச் செல்லும் பெருந்தமனியில் வைத்தார். 1960இல் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் மருத்துவரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளரும் இணைந்து உருவாக்கிய கூண்டு-பந்து வால்வு இதயத்துக்குள்ளேயே ஈரிதழ் வால்வின் இடத்தில் பொருத்தப்பட்டது.

அவ்வால்வின் பந்து சிலிக்கோன் ரப்பரால் ஆனது. சில ஆண்டுகள் கழிந்தபின், தொடக்க கால வால்வுகள் சிலவற்றில் பந்துகள் வீங்கியும் நிறம் மாறியும் வெடிப்புற்றும் காணப்பட்டன. குருதியிலுள்ள கொழுப்புப் பொருள்களை ரப்பர் உறிஞ்சிக்கொண்டமையே இதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது; ரப்பரைப் பதப்படுத்தும் முறையை மாற்றியபின் இக்குறை பெரிதும் நீங்கியது. இந்நிகழ்வு தரும் பாடம் எளியது, ஆனால் ஆழமானது. தண்ணீரில் கொழுப்பு இல்லை. ஆகவே தண்ணீரில் எத்தனை கோடி முறை இயக்கினாலும் இக்குறை வெளிப்படாது. சோதனை தன்னிடம் கேட்கப்பட்ட வினாவுக்கு மட்டுமே விடை தரும்.

அடுத்த மாற்றம் எதிர்பாராத துறையிலிருந்து வந்தது. அணு உலை எரிபொருள் துகள்களுக்கு மேற்பூச்சாக உருவாக்கப்பட்ட பைரோலிட்டிக் கார்பன் குருதி உறைவை எளிதில் தூண்டாது என்பதும் தேய்மானத்தை நன்கு தாங்கும் என்பதும் 1960களின் பிற்பகுதியில் தெரியவந்தது. ஜாக் போக்ரோஸ் என்னும் பொருளறிவியலாளரும் வின்சென்ட் காட் என்னும் அறுவை மருத்துவரும் இதில் முதன்மைப் பங்காற்றினர். பின்னர் வந்த சாயும் தட்டு வால்வுகளிலும், 1977இல் அறிமுகமான ஈரிலை வால்விலும் இப்பொருளே நிலைபெற்றது.

இதே காலத்தில் பதப்படுத்திய விலங்குத் திசுவால் ஆன வால்வுகளும் வளர்ந்தன. இயந்திர வால்வு பொருத்தப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் குருதி உறைவைத் தடுக்கும் மருந்து உண்ண வேண்டும். திசு வால்வு பொருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அத்தேவை இல்லை. எனினும் இளம் வயதினரின் உடலில் திசு வால்வுகளில் விரைவாகச் சுண்ணம் படிந்து அவை இறுகிவிடுகின்றன. ருமாட்டிக் காய்ச்சலால் இளமையிலேயே வால்வுகள் சிதையும் நோயாளிகள் மிகுந்த இந்தியா போன்ற நாடுகளுக்கு இது பெருந்தடையாயிற்று. நெடுநாள் உழைக்கும் இயந்திர வால்வே அங்குத் தேவைப்பட்டது. ஆனால் இறக்குமதி வால்வின் விலை எளிய மக்களுக்கு எட்டாததாக இருந்தது.

3. சோதனைக்கூடம் கேட்கும் வினாக்கள்

செயற்கை வால்வுக்கான ஆய்வகச் சோதனைகள் படிப்படியாக ஓர் ஒழுங்குக்குள் வந்தன. முதலாவது, நீரியக்கச் சோதனை. இதயத்தின் துடிப்பைப் போலச் செய்யும் கருவியில் வால்வைப் பொருத்தி, அது திறந்திருக்கும்போது பாய்வுக்கு எவ்வளவு தடை தருகிறது, மூடும்போதும் மூடியபின்னும் எவ்வளவு திரவம் பின்னோக்கிக் கசிகிறது என்பவை அளக்கப்படுகின்றன. குருதியின் பாகுத்தன்மையை ஒத்திருக்கும்பொருட்டு நீரோடு கிளிசரின் கலந்த கரைசல் இதில் பயன்படுகிறது.

இரண்டாவது, விரைவுபடுத்தப்பட்ட தேய்மானச் சோதனை. பத்தாண்டுத் தாங்குதிறனை அறியப் பத்தாண்டு காத்திருக்க இயலாது என்பதால், வால்வு இயல்பைவிடப் பன்மடங்கு வேகத்தில் இயக்கப்படுகிறது. ஐ.எஸ்.ஓ. 5840 என்னும் பன்னாட்டுத் தரநிலை இயந்திர வால்வுகளுக்கு 40 கோடிச் சுழற்சிகளையும், நெகிழும் இலைகள் கொண்ட வால்வுகளுக்கு 20 கோடிச் சுழற்சிகளையும் அளவாகக் கொண்டுள்ளது. முன்னது ஏறத்தாழ பத்தாண்டு இதயத் துடிப்புக்கும் பின்னது ஐந்தாண்டுத் துடிப்புக்கும் நிகரானவை. நிமிடத்துக்கு 600 சுழற்சி என்னும் வேகத்தில் இரவும் பகலும் இயக்கினாலும் 40 கோடிச் சுழற்சிகள் நிறைவுறப் பதினைந்து மாதங்கள் ஆகும். ஒரு வடிவம் இச்சோதனையின் இடையே தோற்றால், செலவிட்ட மாதங்கள் யாவும் கழிந்து, புதிய வடிவத்துக்கு மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். வால்வு உருவாக்கம் பல ஆண்டுகளை விழுங்குவதன் காரணம் இதுவே.

மூன்றாவது, பொருளின் நச்சுத்தன்மை, குருதிச் செல்களைச் சிதைக்கும் தன்மை, குருதி உறைவைத் தூண்டும் தன்மை ஆகியவை பற்றிய உயிரியல் சோதனைகள். இவையனைத்தையும் கடந்த வால்வே விலங்குகளுக்கு, குறிப்பாகச் செம்மறியாடுகளுக்கு, பொருத்தப்படுகிறது. மனிதருக்குப் பொருத்துதல் அதன் பின்னரே.

4. திருவனந்தபுர முயற்சி: மூன்று தோல்விகள்

திருவிதாங்கூர் அரச குடும்பம் வழங்கிய கட்டடத்தில் தொடங்கிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையத்தின் பொறுப்பை 1974இல் எம். எஸ். வலியத்தான் ஏற்றார். அறுவை மருத்துவரான இவர் அமெரிக்காவில் பயின்ற காலத்தில், மேலே குறிக்கப்பட்ட ஹஃப்னகலிடமும் காட்டிடமும் பணியாற்றியவர். பூஜப்புரையிலுள்ள சாட்டெல்மண்ட் அரண்மனையில் உயிரி மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு உருவாயிற்று. மருத்துவமனையும் பொறியியல் ஆய்வகமும் ஒரே நிறுவனத்தின் இரு கைகளாக அமைந்தமை அக்கால இந்தியாவில் அரிய ஏற்பாடு. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி இது தேசிய முதன்மை வாய்ந்த நிறுவனமாயிற்று. வால்வின் பொறியியல் பணியில் ஜி. எஸ். புவனேஸ்வர் முதன்மைப் பங்கு வகித்தார்.

இக்குழு தேர்ந்தெடுத்தது சாயும் தட்டு வகை. ஒரு வளையமும், அதிலிருந்து உள்நோக்கி நீளும் இரு தாங்கிகளும், அவற்றிடையே சாய்ந்து திறந்து மூடும் ஒரு தட்டும், வளையத்தை இதயத் திசுவோடு தைப்பதற்கான பாலியெஸ்டர் துணி விளிம்பும் கொண்ட அமைப்பு அது. பைரோலிட்டிக் கார்பனை உருவாக்கும் நுட்பம் அப்போது வெளிநாடுகளில் மிகச் சிலரிடமே இருந்தது. ஆகவே கிடைக்கக்கூடிய பொருள்களிலிருந்து புதிய இணையைத் தேட வேண்டியதாயிற்று.

முதல் வடிவத்தில் டைட்டானிய வளையத்தோடு தாங்கிகள் மின்னணுக் கற்றையால் பற்றவைக்கப்பட்டிருந்தன. தேய்மானச் சோதனையில் பற்றவைத்த இடத்திலேயே தாங்கி முறிந்தது. பற்றவைப்பின்போது உலோகம் உருகி இறுகும் பகுதியின் நுண்ணமைப்பு சுற்றியுள்ள உலோகத்தினின்று வேறுபடுகிறது. திரும்பத் திரும்ப வரும் விசை அத்தகைய இடத்தையே தேடிச் சென்று தாக்குகிறது.

இரண்டாவது வடிவத்தில் பற்றவைப்பு கைவிடப்பட்டது. தட்டுக்கு ஒற்றைப் படிகச் செயற்கை நீலக்கல் தேர்ந்தெடுக்கப்பட்டது. வைரத்துக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படும் கடினம் உடையது நீலக்கல், குருதியில் அரிப்புறாதது, தேய்மானத்தை மிக நன்றாகத் தாங்குவது. தனித்து நோக்கினால் குறை காண முடியாத தேர்வு. ஆனால் சோதனைக் கருவியில் நீலக்கல் தட்டு தேயவில்லை. அது உரசிய டைட்டானியத் தாங்கி மிகையாகத் தேய்ந்தது. டைட்டானியம் வலிமையும் உயிரி ஒப்புமையும் உடையதாயினும் உரசலைத் தாங்கும் ஆற்றல் குறைந்தது. தேய்மானம் என்பது தனியொரு பொருளின் பண்பன்று, ஒன்றோடொன்று உரசும் இணையின் பண்பு என்பதை இத்தோல்வி நிறுவியது.

மூன்றாவது வடிவத்தில் டைட்டானியத்துக்கு மாற்றாக ஹேன்ஸ்-25 என்னும் கோபால்ட்-குரோமிய உலோகக்கலவை கொண்டுவரப்பட்டது. கடினமான தட்டுக்கு ஈடுகொடுக்கும் கூண்டு கிடைத்தமையால் தேய்மானச் சிக்கல் தணிந்தது. வால்வு விலங்குச் சோதனை நிலையை எட்டியது. அங்குச் செம்மறியாட்டில் பொருத்தப்பட்ட ஒரு வால்வின் நீலக்கல் தட்டு உடைந்தது. மிகு கடினம் கொண்ட படிகப் பொருள் நொறுங்கும் தன்மையும் உடையது. கண்ணுக்குப் புலனாகாத நுண்குறை ஒன்று போதும், அது பிளவாக விரிந்துவிடும்.

ஆய்வகக் கருவியில் வெளிப்படாத குறை உயிருள்ள உடலில் வெளிப்பட்டது என்பது இங்குக் கருதத்தக்கது. பொதுநிலையில் நோக்கின், ஒரே சீராக இயங்கும் கருவியைப் போல உயிரின் இதயம் இயங்குவதில்லை. ஓட்டத்திலும் அச்சத்திலும் அழுத்தமும் வேகமும் மாறிக்கொண்டே இருக்கும். கருவியும் விலங்கும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கும் இரு வலைகள்.

5. மென்மையின் தேர்வு: நான்காவது வடிவம்

மூன்று தோல்விகளின் பின் குழு எதிர்த்திசையில் சிந்தித்தது. கடினமான தட்டுக்குப் பகரமாக, மென்மையான பலபடியான மிகை மூலக்கூற்று எடைப் பாலித்தீன் தேர்ந்தெடுக்கப்பட்டது. இப்பொருள் மருத்துவத்துக்குப் புதியதன்று. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு முதலில் டெஃப்லானைப் பயன்படுத்தி, அது விரைவில் தேய்ந்துபோனபின், 1962 முதல் இப்பாலித்தீனைக் கையாண்டார். உலோகத்தோடு உரசும் மென்பலபடி உடலுக்குள் நெடுங்காலம் உழைக்கும் என்பதற்கு எலும்பு மருத்துவம் ஏற்கெனவே சான்று அளித்திருந்தது. இதய வால்வின் சாயும் தட்டுக்கு அதைக் கொண்டுவந்ததே சித்ரா குழுவின் புதுமை.

பாலித்தீன் தட்டு நொறுங்காது. மூடும்போது ஏற்படும் மோதலைத் தன்னளவில் ஏற்றுத் தணிக்கும். அதனால் வால்வின் ஒலியும் குறையும். கூண்டு, ஹேன்ஸ்-25 உலோகத் துண்டு ஒன்றிலிருந்தே தாங்கிகளோடு சேர்த்துக் கடைந்தெடுக்கப்பட்டது. பற்றவைப்பு எங்கும் இல்லை. முதல் வடிவத்தின் பாடம் கூண்டிலும், இரண்டாவதன் பாடம் உலோகத் தேர்விலும், மூன்றாவதன் பாடம் தட்டிலும் படிந்திருப்பதை நான்காவது வடிவத்தில் தெளிவாகக் காணலாம்.

இவ்வடிவம் நீரியக்கம், தேய்மானம், நச்சுத்தன்மை, விலங்குப் பொருத்தம் ஆகிய அனைத்துச் சோதனைகளையும் கடந்து, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முறையாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. தொடர்ந்து ஆறு மருத்துவ மையங்களில் 306 நோயாளிகளிடம் மருத்துவ ஆய்வு நடைபெற்றது. அவர்களுள் 205 பேருக்கு ஈரிதழ் வால்வும் 101 பேருக்குப் பெருந்தமனி வால்வும் மாற்றப்பட்டன. இவர்களின் ஐந்தாண்டு முடிவுகளில் வால்வின் கட்டமைப்புச் சிதைவு ஒன்றும் பதிவாகவில்லை. தொழில்நுட்பம் சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமத்துக்கு வழங்கப்பட்டு, வால்வு வணிக அளவில் உற்பத்தி செய்யப்பட்டது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. கேரளத்தின் ஆய்வகமும் தமிழகத்தின் தொழில் நிறுவனமும் கைகோத்ததன் பயன் இது.

6. ஒரே குறை, இரு முடிவுகள்

சித்ராவின் முதல் வடிவத்தில் பற்றவைப்பு முறிந்ததன் முழுப் பொருளை உணர, மேலை நாட்டில் நிகழ்ந்த ஒரு துயர வரலாற்றை அதனோடு ஒப்பிட வேண்டும். பியோர்க்-ஷைலி குவி-குழி வால்வு 1979 முதல் 1986 வரை விற்பனையில் இருந்தது. ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. அதன் வெளித்தாங்கி வளையத்தோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. அத்தாங்கி முறிந்து தட்டு கழன்று செல்லும் நிகழ்வுகள் 600க்கும் மேலாகப் பதிவாயின. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் உயிரிழந்தனர். வால்வு மூடும் சில வேளைகளில் தட்டு தன் எல்லையை மீறிச் சுழன்று தாங்கியின் நுனியில் மோதியதும், அம்மோதலின் விசை பற்றவைத்த இடத்தில் குவிந்து அயர்ச்சியை விளைவித்ததும் பிற்கால ஆய்வுகளில் தெரியவந்தன.

இரு வால்வுகளும் சாயும் தட்டு வகையே. இரண்டிலும் பலவீனம் பற்றவைப்பிலேயே இருந்தது. ஒன்று திருவனந்தபுரத்தின் சோதனைக் கருவியில் முறிந்தது. மற்றொன்று மனிதரின் மார்புக்குள் முறிந்தது. முன்னதன் இழப்பு மாதங்களும் பணமும். பின்னதன் இழப்பு மனித உயிர்கள். உயிர் பிழைத்தவர்களும், தம் வால்வு என்று முறியுமோ என்ற அச்சத்தோடும், மீண்டும் அறுவை செய்துகொள்வதா வேண்டாவா என்ற தீர்க்கவொண்ணாக் குழப்பத்தோடும் வாழ நேர்ந்தது.

இதை ஒரு நாட்டின் திறமைக்கும் மற்றொரு நாட்டின் திறமையின்மைக்கும் சான்றாகக் கொள்வது பிழையாகும். கருவி, பொருத்தப்பட்ட வால்வு எதிர்கொள்ளும் எல்லா நிலைகளையும் உருவாக்குவதில்லை என்பதே இரண்டுக்கும் பொதுவான உண்மை. சித்ராவின் மூன்றாவது வடிவமும் கருவியைக் கடந்து விலங்கில்தான் தோற்றது. இத்தகைய பட்டறிவின் விளைவாகவே, ஐ.எஸ்.ஓ. 5840 தரநிலையின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பு, வகுத்த சோதனைகளை முடித்தால் போதும் என்ற நிலையிலிருந்து விலகி, ஒவ்வொரு புதிய வடிவத்திலும் எவையெவை பிழைக்கக்கூடும் என முன்னரே ஆராய்ந்து அதற்கேற்பச் சோதனைகளைத் திட்டமிடும் இடர் மதிப்பீட்டு முறையை முன்வைத்தது.

7. புதிய பொருள்கள், பழைய வினா

உயிரிப்பொருளின் ஒரு நற்பண்பு மற்றொரு தீங்கை மறைக்கக்கூடும். தொற்றைத் தடுக்கும்பொருட்டுத் தையல் விளிம்பில் வெள்ளி பூசப்பட்ட 'சில்சோன்' வகை வால்வு இதற்குச் சான்று. நுண்ணுயிர்களை எதிர்க்கும் வெள்ளியின் ஆற்றல் ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் மருத்துவ ஆய்வில், வால்வைச் சூழ்ந்த திசு சரிவரப் பற்றாமல் விளிம்போரமாகக் குருதி கசிவது மிகுதியாகக் காணப்பட்டதால், 2000 ஜனவரியில் அது திரும்பப் பெறப்பட்டது.

இன்று கவனம் பெறுபவை நெகிழும் பலபடி இலைகள் கொண்ட வால்வுகள். இக்கருத்து புதியதன்று: 1960 மார்ச்சில் நினா பிரான்வால்ட் என்னும் பெண் அறுவை மருத்துவர் பாலியூரித்தேனால் ஆன ஈரிதழ் வால்வை நோயாளிக்குப் பொருத்தினார். பொருள் நெடுநாள் தாங்காமையால் அவ்வழி அப்போது தொடரவில்லை. சிலிக்கோன் இணைந்த புதுவகைப் பாலியூரித்தேன்களின் வருகையால் அது மீண்டும் திறந்துள்ளது. அத்தகைய பலபடியால் ஆன டிரியா வால்வு 2019இல் அமெரிக்காவில் முதன்முறையாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. உறைவுத் தடுப்பு மருந்தின் தேவையைக் குறைப்பதும் திசு வால்வைவிட நெடுநாள் உழைப்பதும் இவ்வகை வால்வுகளின் இலக்கு.

இவற்றின் சோதனையில் ஓர் அடிப்படைச் சிக்கல் உள்ளது. உலோகத்தின் அயர்ச்சியைப் பெரும்பாலும் சுழற்சிகளின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. பலபடியிலோ காலமும் ஒரு காரணி. இழுவிசையின்கீழ் மெல்ல நீளுதல், நீரால் வேதிப்பிணைப்பு சிதைதல், சுண்ணம் படிதல் ஆகியவை நாள்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நிகழ்பவை. ஐந்தாண்டுத் துடிப்பைச் சில மாதங்களில் அடக்கும் கருவி துடிப்புகளைச் சுருக்குமேயன்றிக் காலத்தைச் சுருக்காது. ஸ்டாரின் ரப்பர்ப் பந்து உணர்த்திய பாடம் இங்கு மற்றொரு வடிவில் மீண்டும் எதிர்ப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, ஒரு பொருளின் சிறப்பு தனித்து மதிப்பிடத்தக்கதன்று. அது எதனோடு இணைகிறது, எச்சூழலில் பணிபுரிகிறது என்பவற்றைக் கொண்டே அறியத்தக்கது. மிகக் கடினமான நீலக்கல் தோற்று, மென்மையான பாலித்தீன் வென்றமை இதற்குச் சான்று. இரண்டு, இன்றைய சோதனை விதிகள் ஒவ்வொன்றின் பின்னும் நேற்றைய தோல்வி ஒன்று நிற்கிறது. வகுக்கப்பட்ட விதிகளை நிறைவு செய்வது இன்னும் நிகழாத தோல்விக்குக் காப்பு ஆகாது. மூன்று, தோற்ற வடிவத்தைத் திருத்தி ஒப்பேற்றாமல் கைவிடும் துணிவு, கருவிகளுக்கு இணையாக ஆய்வகத்துக்குத் தேவை. திருவனந்தபுரக் குழு அதை மூன்று முறை செய்தது.

சித்ரா வால்வின் வெற்றி பெரும்பாலும் அதன் விலையையும் பொருத்தப்பட்டோரின் எண்ணிக்கையையும் கொண்டே பேசப்படுகிறது. வால்வு பெற்றவர்களுக்கு அவ்வெற்றி உண்மையானதே. எனினும் அவர்களைக் காத்தவற்றுள், அவர்கள் ஒருபோதும் கண்டிராத மூன்று வடிவங்களும் அடங்கும். அவை முறிய வேண்டிய இடத்தில், மனித உடலுக்கு வெளியே, முறிந்தன. அம்முறிவுகளின் பதிவையும் அறிவியல் வரலாறு தன் கடமையாக ஏற்க வேண்டும்.